காலை விமானமும் இரவு விமானமும்

சொந்த நாட்டுக்குத் திரும்பும் வழியை எந்த அரசும் தன் குடிமக்களுக்கு அடைக்கக் கூடாது. கொரோனா பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இதைச் சொல்கிறேன். "உயிர் பெருசா, டூர் பெருசா?" என்று கேட்கிறார்கள். சரி, நடந்ததை எழுதிவிடுகிறேன்.

2020 மார்ச் 11. அம்மா, சித்தி, நான் மூவரும் கோலாலம்பூரில் இறங்கினோம். உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்ததும் அன்றுதான். பத்து நாள் திட்டம்: பத்துமலை, ஈப்போ, கடைசியில் பினாங்கு. அம்மாவின் தாத்தா பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், கணக்கு எழுதியவர். அந்தத் தெருவில் நடக்க வேண்டும், தண்ணீர்மலை முருகனைக் கும்பிட வேண்டும் என்று அம்மா நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

16ஆம் தேதி இரவு அப்போதைய மலேசியப் பிரதமர் முகைதீன் யாசின் தொலைக்காட்சியில் பேசினார். 18 முதல் 31 வரை நடமாட்டக் கட்டுப்பாடு, வழிபாட்டுத் தலங்கள் மூடல். மறுநாள் பினாங்கு போக பஸ் டிக்கெட் கையில் இருந்தது. அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஊருக்குப் போயிடலாம் பாப்பா" என்றார்.

17 காலை விமானத்தில் இருந்த கடைசி இடங்களைப் பிடித்தோம். ஓட்டலுக்குக் கட்டியது, பழைய டிக்கெட், எல்லாம் போயிற்று.

அதே ஓட்டலில் திண்டுக்கல்லிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. கணவன், மனைவி, ஒரு மகள். அவர்களும் உடனே கிளம்பத்தான் நினைத்தார்கள். காலை டிக்கெட் விலை கட்டுபடியாகவில்லை. அன்று இரவு விமானத்தில் பாதி விலைக்குக் கிடைத்தது, எடுத்தார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நாங்கள் திருச்சி வந்து சேர்ந்த பிறகுதான் செய்தி தெரிந்தது. மலேசியா, பிலிப்பைன்ஸ், ஆப்கானிஸ்தான் நாடுகளிலிருந்து இந்திய நேரம் பிற்பகல் 3 மணிக்கு மேல் இந்தியாவுக்கு எந்த விமானமும் கிளம்பக் கூடாது. இந்திய அரசின் ஆணை வந்ததும் அன்றே, அமலானதும் அன்றே. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்கும் அதே தடைதான். கோலாலம்பூர் விமான நிலையத்தில் சிக்கிய மாணவர்களுக்காக டெல்லிக்கும் விசாகப்பட்டினத்துக்கும் விமானம் விட அனுமதித்தார்கள். திண்டுக்கல்காரர்களுக்கு அதில் இடமில்லை. 22ஆம் தேதியோடு எல்லா நாட்டு விமானங்களும் நின்றுபோயின. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் முன்பின் தெரியாத ஒரு தமிழ்க் குடும்பம் மாடி அறையைத் தந்து சோறும் போட்டது. மே மாதம், வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர இந்திய அரசு விட்ட வந்தே பாரத் விமானத்தில், சொந்தக் காசு கட்டித்தான் ஊர் வந்தார்கள்.

கண்டிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்களை 14 நாள் முகாமில் வைத்திருந்தால் மறுபேச்சில்லாமல் இருந்திருப்போம். ஆனால் காய்ச்சல் மட்டும் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்களாகத்தான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். காலையில் வந்தவரை வீட்டுக்கு விட்டுவிட்டு, இரவு வர இருந்தவரை வரவே கூடாது என்றால் அதில் என்ன மருத்துவம் இருக்கிறது? ஐரோப்பாவிலிருந்து வருவோருக்கான தடையை 16ஆம் தேதி அறிவித்து 18 மாலை வரை நேரம் கொடுக்க முடிந்ததே. மலேசியாவில் இருந்தவர்களுக்கு ஏன் அது இல்லை?

அடுத்த தொற்று வந்தால் எல்லையை மூடட்டும். ஆனால் முதல் ஆணையிலேயே ஒரு வரி இருக்க வேண்டும்: இந்தியக் குடிமக்கள் வந்து சேர இரண்டு நாள், வந்ததும் தனிமை முகாம், செலவு அரசுடையது.