சான் மார்ட்டினின் போர் மெண்டோசாவின் பட்டறைகளில் நடந்தது

தென் அமெரிக்க விடுதலை என்று பேச்சு வந்தாலே நம் ஆட்களுக்கு பொலிவார் மட்டும்தான் நினைவுக்கு வருவார். ஹொசே டி சான் மார்ட்டினைப் பற்றி எழுதுகிறவர்களும் "பனிமலையைத் தாண்டிப் போய் சிலியை மீட்ட மாவீரர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மாவீரர் என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த மனிதரின் உண்மையான திறமை வாளில் இல்லை, சரக்குக் கணக்கில் இருந்தது என்பது என் கட்சி.

முதலில் ஆளைப் பார்ப்போம். 1778இல் இன்றைய அர்ஜென்டினாவின் யாப்பேயூவில் பிறந்தவர். சிறுவனாக ஸ்பெயினுக்குப் போய், 11 வயதில் ஸ்பானியப் படையில் சேர்ந்து, 22 ஆண்டு ஸ்பெயின் அரசருக்காகப் போரிட்டவர். 1808இல் நெப்போலியனின் படை பைலெனில் தோற்றபோது ஸ்பெயின் பக்கம் நின்றவர். 1812 மார்ச்சில் பியூனஸ் அயர்ஸில் வந்து இறங்கியதும் அங்கிருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள் என்றால் அதில் வியப்பில்லை. எதிரியின் படை எப்படித் தின்னும், எப்படி நகரும், எங்கே திணறும் என்பதெல்லாம் அவருக்கு உள்ளிருந்தே தெரியும்.

அப்போது ஸ்பெயினின் கோட்டை பெரு. புரட்சிப் படைகள் மேல் பெரு (இன்றைய பொலிவியா) வழியாக அங்கே போகப் பார்த்துத் திரும்பத் திரும்ப அடிவாங்கின. சான் மார்ட்டின் போட்ட திட்டம் வேறு: ஆண்டிஸைத் தாண்டிச் சிலியைப் பிடிப்பது, அங்கிருந்து கடல்வழியாகப் பெருவின் தலைநகர் லீமாவுக்குப் போவது. 1814இல் மலையடிவாரத்தில் இருக்கும் கூயோ மாகாண ஆளுநர் பதவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதே அக்டோபரில் ரங்காகுவாவில் சிலிப் புரட்சியாளர்கள் தோற்று, அவர்களின் தலைவர் ஓ'ஹிகின்ஸ் உட்படப் பலர் மலைதாண்டி, கூயோவின் தலைநகரான மெண்டோசாவுக்கு ஓடிவந்தார்கள். நட்பு நாடாக இருந்திருக்க வேண்டிய சிலி எதிரி நாடாகிவிட்டது.

அடுத்த இரண்டு ஆண்டுகளைத்தான் யாரும் பேசுவதில்லை. லூயிஸ் பெல்த்ரான் என்ற பிரான்சிஸ்கன் துறவி அங்கே ஆயுதப் பட்டறை நடத்தினார். கோயில் மணிகளை உருக்கிப் பீரங்கியும் குண்டும் வார்த்தார்கள். உள்ளூர் வெடியுப்பைக் கொண்டு அல்வாரெஸ் கொண்டார்கோ என்ற பொறியாளர் வெடிமருந்து ஆலை அமைத்தார். கம்பளித் துணி அங்கேயே நெய்யப்பட்டது, சீருடையை ஊர்ப்பெண்கள் தைத்தார்கள். அறுத்த மாட்டின் தோலில் உள்ளே கம்பளித் துண்டு வைத்த காலணி. கொம்பில் தண்ணீர்க் குடுவை. மலைப்பாறையில் லாடமில்லாத குளம்பு சில நாள்கூடத் தாங்காது என்பதால் 30,000 லாடங்கள். மாட்டில் ஒரு எலும்பைக்கூட வீணாக்கியிருக்க மாட்டார்கள் போல.

சாப்பாட்டில்தான் அவர் மூளை நன்றாகத் தெரிகிறது. அந்த உயரத்தில் விறகு கிடையாது, சமைக்க நேரமும் கிடையாது. அதனால் உப்புக்கண்டத்தை இடித்து, கொழுப்பும் மிளகாயும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். வெந்நீர் ஊற்றினால் உணவு தயார். அங்கே 'பூனா' என்று சொல்லும் மலைநோய்க்கு, அதாவது உயரத்தில் வரும் தலைசுற்றலுக்கும் மூச்சுத்திணறலுக்கும், பூண்டும் வெங்காயமும் மூட்டை மூட்டையாகப் போயின. குளிருக்குச் சாராயம். கூடவே நடத்தி ஓட்டிச்செல்ல சுமார் 700 மாடுகள்.

பணம் எங்கிருந்து? பியூனஸ் அயர்ஸில் ஆட்சித் தலைவராக இருந்த புயேர்ரெடோன் முடிந்ததை அனுப்பினார். 1816 நவம்பரில் போர்வை, சேணம், வாள் என்று பட்டியல் போட்டு எழுதிய கடிதத்தில் கடைசியாக "உலகமும் வருகிறது, பேயும் வருகிறது, சதையும் வருகிறது" என்று நொந்துகொண்டார். மீதிச் சுமை கூயோ மக்களின் தலையில் விழுந்தது: வரி, கட்டாயக் கடன், அரசர் கட்சிக்காரர்களின் சொத்துப் பறிமுதல். அதோடு ஒன்று. அடிமைகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் படைக்கு எடுக்கப்பட்டார்கள். விடுதலை உண்டு, ஆனால் படையில் சேர்ந்தால்தான். காலாட்படையின் 7ஆம், 8ஆம் பட்டாலியன்கள் பெரும்பாலும் அவர்களே. சிலியிலும் பெருவிலும் போரிட்டு, ஊர் திரும்பியவர்கள் மிகச் சிலர். சான் மார்ட்டினைப் புகழ்கிறவர்கள் இந்த வரியை விட்டுவிட்டுப் புகழக் கூடாது.

எதிரியைக் குழப்பியதும் நல்ல வேலை. தெற்கே பெஹுவென்சே பழங்குடித் தலைவர்களைக் கூட்டிப் பரிசு கொடுத்து, அவர்கள் நிலத்தின் வழியாகப் போக அனுமதி கேட்டார். செய்தி ஸ்பானியருக்குக் கசியும் என்று தெரிந்தே கேட்டார். பியூனஸ் அயர்ஸ் தரப்பின் சுதந்திரப் பிரகடனத்தைக் கொடுத்துவிட்டு வா என்று கொண்டார்கோவைச் சிலியின் ஸ்பானிய ஆளுநர் மார்கோ டெல் போன்டிடம் அனுப்பினார், நீளமான லோஸ் பாத்தோஸ் பாதையில். கோபமடைந்த ஆளுநர் அவரைக் குட்டையான உஸ்பயாத்தா பாதையில் திருப்பி அனுப்பினார். எழுத்தில் எதுவும் இல்லாமல் இரண்டு கணவாயின் வரைபடமும் அவர் தலைக்குள் வந்துசேர்ந்தது!

1817 ஜனவரியில் கிளம்பியது ஐயாயிரம் பேருக்கு மேல், ஆறு கணவாய்கள் வழியாக. முக்கியப் படை லோஸ் பாத்தோஸில். லாஸ் ஹெராஸ் தலைமையில் ஒரு பிரிவும் பெல்த்ரானின் கனமான பீரங்கிகளும் உஸ்பயாத்தாவில், ஏனென்றால் மற்றப் பாதையில் அவற்றை இழுக்க முடியாது. மற்ற நான்கும் சிறு பிரிவுகள், எதிரியை எண்ணூறு கிலோமீட்டர் அகலத்துக்குச் சிதறவைக்க. பீரங்கியை வண்டியிலிருந்து கழற்றி, கம்பளியும் தோலும் சுற்றி, தாழ்வான சறுக்கு வண்டியில் இழுத்தார்கள். செங்குத்தான இடத்தில் பிடித்து இழுக்கக் கப்பல் நங்கூரம், பள்ளத்துக்குக் கயிற்றுப் பாலம்.

வீரர்கள் ஏறிப் போனது கோவேறு கழுதைகளில். குதிரைகளை வெறுமனே நடத்திச் சென்றார்கள், சண்டை நாளில் களைப்பில்லாமல் இருக்க வேண்டுமே! சான் மார்ட்டினும் ஓவியங்களில் காட்டுவதுபோல் வெள்ளைக் குதிரையில் இல்லை, கோவேறு கழுதையில்தான். இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் புறப்பட்ட 9,000க்கு மேற்பட்ட கோவேறு கழுதைகளில் மறுபக்கம் சேர்ந்தவை சுமார் 4,300. 1,600 குதிரைகளில் 511. குளிரும் தீவனமின்மையும் உயரமும் தின்றுவிட்டன. இந்த இழப்பை முன்கூட்டியே எண்ணித்தான் ஆளுக்கு ஒன்றுக்கு மேல் ஓட்டிச் சென்றிருக்கிறார்.

பிப்ரவரி 8 வாக்கில் இரு பெரும் பிரிவுகளும் அகொன்காகுவா பள்ளத்தாக்கில் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் இறங்கின. 12ஆம் தேதி சாகாபுகோவில் சண்டை. ஓ'ஹிகின்ஸ் அவசரப்பட்டு நேரே மோத, முதல் தாக்குதல் முறிந்தது. சுற்றிவந்த சோலேரின் பிரிவு சேர்ந்த பிறகுதான் எதிரி நொறுங்கினான். களத்தில் திட்டம் அப்படியே நடக்கவில்லை, எதிரி தன் படைகளை ஒன்றுசேர்க்க முடியாமல் போயிருந்ததால் தவறு பொறுத்துக்கொள்ளப்பட்டது.

1818 மார்ச் 19 இரவு சிலியின் கஞ்சா ரயாதாவில் இடம் மாறிக்கொண்டிருந்த சான் மார்ட்டினின் படை இருட்டில் தாக்கப்பட்டுச் சிதறியது. பீரங்கிகள் பல போயின. பெல்த்ரான் மறுபடி பட்டறை வைத்தார். பதினேழாவது நாள், ஏப்ரல் 5, மைப்பூவில் வெற்றி.

பெருவில் கதை மாறுகிறது. 1821 ஜூலை 28இல் லீமாவில் சுதந்திரம் அறிவித்தார், ஆனால் அரசர் படை உடையாமல் மலைக்குள் போய்விட்டது. அங்கே அவருக்கு ஒரு கூயோ இல்லை. பியூனஸ் அயர்ஸில் உதவ அரசே இல்லை, கஜானாவைப் பறித்துக்கொண்டு கடற்படைத் தளபதி காக்ரேன் கப்பல்களோடு போய்விட்டார். 1822 ஜூலையில் குவாயாகிலில் பொலிவாரைச் சந்தித்து, செப்டம்பரில் பெருவின் ஆட்சிப் பதவியிலிருந்து விலகினார். இதைத் துறவியின் தியாகமாகப் பாடுகிறார்கள். கையிருப்பை எண்ணிப் பார்த்துவிட்டு, போரை முடிக்கப் போதுமான படை பொலிவாரிடம்தான் இருக்கிறது என்று கண்ட ஒருவரின் முடிவாகத்தான் எனக்கு அது தெரிகிறது. 1824 டிசம்பர் 9இல் அயகுச்சோவில் போரை முடித்தது பொலிவாரின் தளபதி சூக்ரே.