டிஸ்கிரிப்ஷன் டேக்கும் ஏப்ரல் சீசனும்

நேத்து சார் ஒருத்தரோட போஸ்ட்டுக்குக் கீழ நடந்த கூத்த பாத்தவங்களுக்கு நான் புதுசா ஒன்னும் சொல்லத் தேவல. பாக்காதவங்க புண்ணியம் செஞ்சவங்க. "டிஸ்கிரிப்ஷன் டேக் மட்டும்தான் மாத்தினேன், ஹோட்டல் சைட் மேல வந்துட்டு"ன்னு சார் ஒரு கிராப் போட்டாரு. மேலன்னா கூகுள் ரிசல்ட்ல மேல. டிஸ்கிரிப்ஷன் டேக்னா பக்கத்துல என்ன இருக்குன்னு, வாசிக்கறவங்க கண்ணுக்குத் தெரியாம உள்ள எழுதி வைக்கிற சுருக்கம். எந்த எடத்துல இருந்து எந்த எடத்துக்கு வந்துச்சுன்னு நான் மரியாதையா ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். வந்த பதில் "தம்பி மொதல்ல படிச்சிட்டு வாங்க." கூடவே சிரிப்பு இமோஜி. கொஞ்ச நேரத்துல என் கொமென்ட்டயே காணோம்.

சரி, படிச்சதையே சொல்றேன். மெட்டா டிஸ்கிரிப்ஷன், அதான் அந்த டேக், ரேங்கிங்க, அதாவது ரிசல்ட்ல பக்கம் எத்தனாவதா வருதுங்கறத, மாத்தாது. இது என் கண்டுபிடிப்பு இல்ல, 2009 செப்டெம்பர்லயே கூகுள் வெளிப்படையா சொன்னது. கீவேர்ட்ஸ் டேக்க (பக்கத்துக்கான தேடல் சொல்லுங்கள எழுதி வைக்கிற டேக்) ரேங்கிங்குக்கு பாக்கறதே இல்ல, டிஸ்கிரிப்ஷன சில நேரம் ரிசல்ட்டுக்குக் கீழ வர்ற ரெண்டு வரியா காட்டுவோம், ஆனா ரேங்கிங்குக்கு அதையும் எடுக்கறதில்லன்னு. அப்ப ஸ்கூலுக்குப் போன புள்ளைங்க எல்லாம் இப்ப கல்யாணம் கட்டி புள்ள பெத்துட்டாங்க, நம்ம ஊருக்கு மட்டும் செய்தி இன்னும் வந்து சேரல போல.

இப்ப அந்த கிராப்புக்கு வருவோம். அது சேர்ச் கன்சோல்ல, அதாவது சைட் வச்சிருக்கவங்களுக்கு கூகுள் கணக்கு காட்டற எடத்துல, எடுத்த படம். மேல நாலு பெட்டி இருக்கும், கிளிக், இம்ப்ரெஷன் (ரிசல்ட்ல எத்தன தடவ காட்டிச்சு), சிடிஆர் (காட்டினதுல எத்தன சதவீதம் கிளிக் ஆச்சு), சராசரி பொசிஷன் (ரிசல்ட்ல எத்தனாவது எடம்). சார் படத்துல மொத ரெண்டு பெட்டிக்கு மட்டும்தான் கலர். பொசிஷன் பெட்டிய டிக் பண்ணவே இல்ல! மேல வந்துட்டுன்னு சொல்றவரு எந்த எடத்துல இருந்து எந்த எடத்துக்கு வந்தாருன்னு காட்டற ஒரே கோட்ட காட்டல, நான் கேட்டதும் அதத்தான். அதுக்கும் மேல, கோடு ஏறுற மாசம் என்னன்னு பாருங்க. மார்ச் கடைசியில இருந்து ஏப்ரல். நுவரெலியா ஹோட்டலுக்கு ஏப்ரல்ல கிளிக் கூடாம வேற எப்ப கூடும் சார்? அந்த ஊரு கிரெகரி வாவிக்கரையில கூட்டத்தால நடக்க எடமில்லாத சீசன் மாசம் அது. டேக்க மாத்தாம விட்டிருந்தாலும் கோடு ஏறியிருக்கும்.

எங்கப்பா தேயிலை ஸ்டோருல, அதாவது தேயிலை ஃபெக்டரியில, வேலை செஞ்சவரு. அங்க தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ருசி பாக்கறத சின்னதுல ஜன்னல் வழியா பாத்திருக்கேன். வரிசையா வெள்ளக் கப்பு, எல்லாத்துக்கும் ஒரே எடை தூள், ஒரே கொதி தண்ணி, ஒரே நேரம். தூள் மட்டும்தான் வேற. உறிஞ்சிட்டு துப்பிட்டு அடுத்த கப்புக்குப் போவாரு. ஒரு கப்புக்கு தண்ணியும் மாறி நேரமும் மாறிச்சின்னா அந்த ருசி எதால வந்ததுன்னு எப்படி சொல்ல முடியும்? சார் அந்த சைட்ல டைட்டில மாத்தியிருக்காரு, படங்கள மாத்தியிருக்காரு, சீசனும் மாறியிருக்கு, ஆனா பேரு மட்டும் டிஸ்கிரிப்ஷனுக்கு.

நான் சும்மா வாயடிக்கல, செஞ்சே பாத்தேன். கூகுள்ல தேடினா ஒரு ரிசல்ட்டும் வராத ஒரு அர்த்தமில்லாத சொல்ல உண்டாக்கி, ஒரு பக்கத்தோட டிஸ்கிரிப்ஷன்ல மட்டும் போட்டேன். அதே மாதிரி இன்னொரு சொல்ல வேற பக்கத்துல, எழுத்துக்கு நடுவுல போட்டேன். ரெண்டையும் கூகுள் திரும்ப வந்து படிச்சிட்டான்னு கன்சோல்லயே பாத்து உறுதி பண்ணிட்டுத்தான் தேடினேன். எழுத்துல இருந்த சொல்லுக்கு பக்கம் வந்துச்சு. டிஸ்கிரிப்ஷன்ல இருந்த சொல்லுக்கு ஒன்னுமே வரல. அந்த சொல்ல இங்க எழுத மாட்டேன், எழுதினா நாளைக்கு இந்த போஸ்ட்டே ரிசல்ட்ல வந்து நிக்கும், டெஸ்ட் நாசமாப் போயிடும்.

"கூகுள் சொல்றத எல்லாம் நம்புவீங்களா"ன்னு ஒருத்தர் கேட்டாரு. நம்பலங்க, அதனாலதான் செஞ்சு பாத்தேன்னு மேலயே எழுதியிருக்கேன். "பிளகின்ல பச்சை லைட் எரியுதே"ன்னு இன்னொருத்தர். பிளகின்னா சைட்டோட சேத்துப் போடற சின்ன சொஃப்ட்வெயார். அந்த லைட்ட எரிய வைக்கிறது பிளகின் கம்பெனி, கூகுள் இல்ல. "நல்லா எழுதினா கிளிக் கூடும் தானே"ன்னு ஒரு அக்கா கேட்டாங்க. கூடலாம் அக்கா, அதனால எழுத வேணாம்னு நான் எங்கயும் சொல்லல, நல்லா எழுதுங்க. ஆனா நீங்க எழுதினதத்தான் கூகுள் காட்டும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. ஹப்புத்தளையில ரூம், சுடுதண்ணி இருக்கான்னு ஒருத்தர் தேடினா, உங்க அழகான "மேகம் தவழும் மலைச்சாரல்" வரிய தூக்கி ஓரமா போட்டுட்டு, அந்த பக்கத்துக்குள்ள எங்கயோ கெடக்கற "24 மணி நேரமும் சுடுதண்ணி" வரிய எடுத்துக் காட்டிடுவான். கிளிக் கூடினா ரேங்க்கும் கூடும்னு சிலர் இழுக்கறாங்க, அந்தப் பேச்ச சார் எடுக்கவே இல்ல, நான் ஏன் அவருக்காக பதில் சொல்லணும்?

எனக்கு வலிச்சது அந்த "படிச்சிட்டு வாங்க"தான். இதையே கொழும்புல இருந்து ஒருத்தர் இங்கிலீஷ்ல கேட்டிருந்தா "கிரேட் கொஸ்டின் ப்ரோ"ன்னு வந்திருக்கும். தோட்டத்து லயத்துல இருந்து சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறிப் போய் கத்துக்கிட்டவன் கேட்டா திமிரு. இருக்கட்டும். ஆனா இந்தப் பேச்ச நம்பித்தான் எங்க பக்கத்துல ஒரு அக்கா, ரெண்டு ரூம் வச்சு வாடகைக்கு விடறவங்க, டிஸ்கிரிப்ஷன் பெக்கேஜ்னு ஒன்னுக்கு காசு கட்டியிருக்காங்க. சீட்டு எடுத்த காசு. அவங்க சைட்ட தொறந்து பாத்தேன். எல்லா பக்கத்துக்கும் ஒரே டிஸ்கிரிப்ஷன், கொப்பி பேஸ்ட். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியா எழுதுங்கன்னு கூகுள் இலவசமா போட்டிருக்கற வழிகாட்டியிலயே இருக்கு, அதக்கூட செய்யல. ரூம் வாடகை எவ்வளவு, ஸ்டேஷன்ல இருந்து எவ்வளவு தூரம், ஒன்னும் சைட்ல இல்ல. அத எழுதிப் போட ஒரு சாயந்தரம் போதும், காசும் வேணாம்.

மிச்சக் காசு இந்த வாரம் கட்டணுமாம், என்ன தம்பி செய்யன்னு கேட்டாங்க. கட்டாதீங்கன்னு சொல்லிட்டேன். சார் இந்த போஸ்ட்டயும் டிலீட் பண்ணலாம்னு நெனைக்காதீங்க, இது என் வோல்.