கடல் இல்லாத கடற்கரையும் நாங்கள் நுழையாத பப்பும்

எங்கள் ஆட்களுக்கு பப் என்றாலே முகம் சுருங்கும். "குடிகாரர் கூடுற இடம்", அத்தோடு கதை முடிந்தது. இங்கிலாந்துக்கு வந்து முப்பது, நாற்பது வருடமாகியும் தெருமுனையில் இருக்கும் பப்புக்குள் கால் வைக்காத யாழ்ப்பாணத்து ஆட்களை எனக்கு நிறையத் தெரியும். அதே ஆட்கள் வீட்டுப் பிறந்தநாள் விழாவில் கராஜுக்குள் விஸ்கிப் போத்தலோடு நிற்பார்கள், அது வேறு கதை.

குடிக்காமல் இருந்ததில் ஒரு குறையும் இல்லை. பப்புக்குப் போகாமல் இருந்ததில்தான் நட்டம் என்பேன்.

நான் இப்போது இருப்பது எசெக்ஸில், லீ ஒன் சீ பக்கம். எங்கள் பப்பில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. அன்றைய சூப், ஞாயிறு ரோஸ்ட்டின் விலை, அதற்குக் கீழே கடல் எத்தனை மணிக்குப் பெருகும், எத்தனை மணிக்கு வற்றும் என்ற விவரம். போன கிழமை எலுமிச்சைச் சோடாவோடு அதை வாசித்துக்கொண்டு நின்றபோது, தொண்ணூறுகளில் நாங்கள் பக்கத்திலுள்ள சவுத்எண்ட் கடற்கரைக்குப் போன நாள் முழுதாக நினைவுக்கு வந்து எரிச்சலாக இருந்தது.

அப்போது லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருந்தோம். பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்த அப்பாவுக்கு ஒரு நாள் லீவு கிடைப்பதே பெரும்பாடு. அம்மா விடியவே எழும்பி ரோல்ஸ் பொரித்தார், பாணுக்குள் சம்பலும் முட்டைப் பொரியலும் வைத்துக் கட்டினார். தம்பி நீச்சல் காற்சட்டையை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வெளிக்கிட்டான். அப்பா வல்வெட்டித்துறை ஆள். ரயிலில் போகும் வழியெல்லாம் கடல் கதைதான். அலைக்கு எப்படி முதுகைக் கொடுப்பது என்றுகூடச் சொல்லித் தந்தார்.

போய் இறங்கினால் கடலைக் காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. படகுகள் சரிந்து கிடந்தன. அப்பா நெடுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, "கடல் எங்க போட்டுது?" என்று அம்மாவைக் கேட்டார், ஏதோ அம்மாதான் ஒளித்து வைத்த மாதிரி. கடலுக்குள் நீளும் பாலம் ஒன்று அங்கே இருக்கிறது, பியர் (pier) என்பார்கள்; அதில் ஓடும் ரயிலில் ஏற ஐந்து பேருக்குக் காசு கட்டாது. மதிலில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டோம். தம்பி அழுதான். பிறகு மழை. கடல் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம் நாங்கள் திரும்பும் ரயிலில் இருந்தோம்.

இலங்கைக் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு. கடற்கரையில் பிறந்து வளர்ந்த மனிதனுக்கும் கடல் இப்படி எழுந்து போகும் என்று தெரிய வழியில்லை. தேம்ஸ் கழிமுகமோ புனல் மாதிரி உள்ளே ஒடுங்கிப் போவது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி இங்கே ஐந்து மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். கரை தட்டையானது, வற்றினால் தண்ணீர் ஒரு மைல் அளவுக்குப் பின்வாங்கும். கப்பல்கள் கரைக்கு வர முடியாமல்தான் 1830இல் மரத்தால் கட்டிய பியரைத் திறந்து, நீட்டி நீட்டி, 1889இல் இரும்பில் புதிதாகக் கட்டினார்கள். இன்று அதன் நீளம் 2.16 கிலோமீட்டர். உலகிலேயே நீளமான உல்லாசப் பியர். அப்பாவின் கேள்விக்குப் பதில் அவர் கண்முன்னாலேயே நீண்டு கிடந்தது. இதையெல்லாம் எனக்கு விளக்கியது பப்பில் தினமும் அதே மூலையில் இருக்கும் ஒரு கிழவர். ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

சரி, அப்பா ஏன் அன்று பப்பில் கேட்கவில்லை என்று குற்றம் சொல்லவும் முடியாது. பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மதுக்கூடத்துக்குள் விடக்கூடாது என்று 1964ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. அதே 1964இல்தான் பிரிஸ்டலில் போல் ஸ்டீபன்சன் என்ற கறுப்பின இளைஞர் ஒரு பப்பை விட்டு வெளியேற மறுத்துக் கைதானார். அடுத்த வருடம் வந்த இனவுறவுச் சட்டம் பொது இடங்களில் நிறபேதம் பார்ப்பதைத் தடைசெய்தது. சட்டம் வந்தாலும் பயம் போகுமா? சனி இரவில் பப் வாசலைக் கண்டால் அப்பா எங்களை வீதிக்கு மற்றப் பக்கம் கூட்டிக்கொண்டு போவார்.

ஆனால் பஞ்சாபிகளுக்கும் இதே பயம் இருந்தது. பர்மிங்காமுக்கு அருகே ஸ்மெத்திக் பக்கத்து இரும்பு வார்ப்பாலைகளில் வேலை செய்த அவர்கள், தங்களை ஒதுக்கிய ஊர்களிலேயே பின்னாளில் பப்புகளை எடுத்து நடத்தினார்கள். குடிக்கிற பீரோடு தந்தூரிக் கோழி. இப்போது வெள்ளைக்காரர் அங்கே சாப்பிட வரிசையில் நிற்கிறார்கள். நாங்கள் கோயில் கட்டினோம், தமிழ்ப் பள்ளிக்கூடம் கட்டினோம், பலசரக்குக் கடை போட்டோம். எல்லாம் நல்லதுதான், ஆனால் எல்லாவற்றுக்குள்ளும் நாங்களே இருந்தோம்.

கிழவர் சொன்னதை அன்றிரவே அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அப்ப அது கடலில்லை, ஆத்து வாய். ஆத்து வாயைக் காட்டிக் கடற்கரை எண்டு டிக்கெட் வித்திருக்கிறாங்கள்" என்றார். இந்தச் சனிக்கிழமை பெருக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு, வாறீங்களா என்று கேட்டேன். பப்பில் ரோல்ஸ் கொண்டுபோய்ச் சாப்பிட விடுவார்களா என்று அம்மா பின்னாலிருந்து கேட்கிறார்.