யார் கேட்டது இந்தக் கோடு?

லேசர் பிரிண்டரில் அச்சிட்டால் பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. யார் கேட்டது? டோனரை, அதாவது மைத்தூள் டப்பாவைக் கழற்றி, குலுக்கி, திரும்ப மாட்டினால் கோடு அப்படியே இருக்கிறது. கூடவே என் சட்டையிலும் ஒன்று. தூளைத் தாளுக்குக் கொண்டுபோகும் டிரம் என்ற உருளையில் கீறல் என்கிறார் மெக்கானிக். சரி, மாற்றியாயிற்று. இப்போது ஸ்கேல் வைத்து அளந்த மாதிரி ஒரே இடைவெளியில் புள்ளிகள்! ஏதோ உருளையில் அழுக்காம், சுற்றி வரும்போதெல்லாம் முத்திரை குத்துகிறதாம். எந்த உருளை? உள்ளே இருப்பதெல்லாம் உருளைதானே ஐயா! அப்புறம், விரல் பட்டாலே எழுத்து உதிர்கிறது. ஃபியூசர் சுமார் 200 டிகிரி சூட்டில் தூளை உருக்கி ஒட்டவேண்டுமாம். தாள் சுடச்சுடத்தான் வருகிறது, தூள்தான் ஒட்டவில்லை. மழைக்காலம் என்றால் தாளில் ஈரமாம், பழி தாள் மேல். ஆனால் மெக்கானிக் பக்கத்தில் நின்றால் மட்டும் டெஸ்ட் பேஜ் பளிச்சென்று வரும்.