தாவரப்பொருள் என்பதாலேயே உடலில் கரைந்துவிடாது

செல்லுலோஸ் என்ற தாவர நார்ப்பொருளோடு கனிமம் சேர்த்து எலும்புக்கு மாற்றுப்பொருள் செய்வது பற்றிய உங்கள் கட்டுரை நன்று. ஆனால் "செல்லுலோஸ் தாவரத்திலிருந்து வருவதால் உடலில் தானாகக் கரைந்துவிடும்" என்ற வரியை ஏற்க முடியவில்லை. செல்லுலோஸைச் சிதைக்கும் நொதி மனித உடலில் கிடையாது. எலும்பில் வைத்தால் நெடுங்காலம் அப்படியே கிடக்கும். கரைய வேண்டுமென்றால் முதலில் ஆக்சிஜனேற்றம் செய்தாக வேண்டும். அறுவை சிகிச்சையில் ரத்தக்கசிவை நிறுத்த வைக்கும் செல்லுலோஸ் துணி அப்படித்தான் கரைகிறது.

எலும்பில் உள்ள கால்சியம் பாஸ்பேட் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட்டைச் சேர்ப்பதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். சிரமமே அங்கேதான். அதன் காய்ந்த நானோ தூளை (மிக நுண்ணிய தூளை) செல்லுலோஸ் கூழில் கொட்டிக் கலக்கினால் துகள்கள் திரண்டு கட்டியாகும். பிறகு சுமை ஏறும்போது அந்த இடத்தில்தான் விரிசல் விடும். அதைவிட, இழைகள் மிதக்கும் கூழிலேயே கால்சியம் உப்பைக் கலந்து, பி.எச். (அமில-கார அளவு) 10 அளவில் வைத்துக்கொண்டு, பாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவது எவ்வளவோ மேல். கூழ் மெல்லப் பாலாக வெளுக்கும். படிகங்கள் இழைகளின் மேலேயே வளரும். அவசரப்பட்டால் பி.எச். இறங்கி வேறு பாஸ்பேட் படிந்துவிடும், கால்சியம்-பாஸ்பரஸ் விகிதம் ஹைட்ராக்சிஅபடைட்டுக்குரிய 1.67-க்கு வராது.

கிருமிநீக்கம் பற்றியும் அவசியம் எழுதுங்கள். காமா கதிர் கிருமியைக் கொல்லும்போதே செல்லுலோஸ் சங்கிலியையும் அறுக்கிறது. எனவே வலிமைச் சோதனையைக் கிருமிநீக்கத்துக்குப் பிறகுதான் செய்ய வேண்டும்.