பாவசங்கீர்த்தனத்துக்கு (கத்தோலிக்க சாமியார்கிட்ட பாவத்த சொல்லி மன்னிப்பு கேக்கறது) பீஸ் கிடையாது ப்ரோ
"சாமியார்கிட்ட காசு குடுத்து பாவத்த கழுவிட்டு மறுநாளே திரும்ப பண்ணலாம்"னு மேல ஒருத்தர் போட்டிருக்காரு, தப்பு. பாண்டில ஜென்மராக்கினி மாதா கோவிலுக்கு வந்து கேட்டுப் பாருங்க, பாவசங்கீர்த்தனத்துக்கு பீஸே கிடையாது. நீங்க சொல்றது 'பலன்'ன (இங்கிலீஷ்ல indulgence) காசுக்கு வித்த பழைய கூத்து, ஜெர்மன் துறவி மார்ட்டின் லூதர் 1517ல எதுத்தது அதத்தான், அந்தப் பலனும் பாவத்துக்கான தண்டனைய குறைக்கறதுதான், மன்னிப்பு இல்ல, காசுக்கு குடுக்கறத போப் அஞ்சாம் பயஸ் 1567லயே ரத்து பண்ணிட்டாரு.

அப்புறம் மனஸ்தாபமும் (செஞ்ச பாவத்துக்கு மனசார வருந்தறது) இனி செய்யமாட்டேன்ற பிரதிக்கினையும் இல்லாம மறுநாள் பிளானோட போய் முட்டி போட்டா சாமியார் மன்னிப்பு சொன்னாலும் செல்லாது, திருடுனவன் முடிஞ்சவரைக்கும் பொருள திருப்பிக் குடுக்கணும் (இத மட்டும் நம்மாளுங்க வசதியா மறந்துடுவாங்க). வெக்கத்துல போகாதவங்களுக்கு: இன்னார் இன்ன பாவம் சொன்னாங்கன்னு சாமியார் வெளிய விட்டா அவர திருச்சபையவிட்டே விலக்கிடும் சட்டம், போலீஸ் கேட்டாலும் வாய தெறக்கக்கூடாது.