மூணு மெழுகுவத்தி வெச்சா என்ன ஆகும் டீச்சர்?

கிட்டத்தட்டப் பத்து வருடம் ஒரு சோதனையைத் தப்பாகவே நடத்தினேன். யாரும் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஒருத்தியையும் உட்கார வைத்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் வகுப்பு, காற்றுப் பாடம். உங்களில் பாதிப் பேராவது இதைப் பார்த்திருப்பீர்கள். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்ப்பது. சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். "ஆக்சிஜன் எரிஞ்சு தீர்ந்துடுச்சு, அந்த இடத்துக்குத் தண்ணி வந்துடுச்சு. அதனால காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்." பலகையில் இதை எழுதிப் போட்டால் பாடம் முடிந்தது. எனக்கும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

ஒரு வருடம், எப்போதும் சுவரோரமாகவே உட்காரும் பெண் ஒருத்தி கேட்டாள். "டீச்சர், மூணு மெழுகுவத்தி வெச்சா?"

"டம்ளருக்குள்ள இருக்கற ஆக்சிஜன் அதேதானே? அதே அளவுதான் ஏறும்" என்றேன். என்ன தைரியம்!

"வெச்சுப் பாக்கலாமா?"

மெழுகுவத்தி கையில் இருந்தது, மறுக்க வழியில்லை. வைத்தோம். தண்ணீர் முன்பைவிட நன்றாகவே மேலே ஏறி நின்றது. வகுப்பே என்னைப் பார்த்தது. நான் சொன்னது இன்னும் மறக்கவில்லை: "டம்ளரைச் சரியா கவுக்கல. போய் உட்காரு." போய் உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த வருடம் முழுக்க அவள் அறிவியல் வகுப்பில் எதுவும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

விஷயம் ரொம்ப எளிது. சுடரைச் சுற்றியுள்ள காற்று சூடாகி விரிந்திருக்கிறது. டம்ளரைக் கவிழ்க்கும்போதே அதில் கொஞ்சம் விளிம்பு வழியாகக் குமிழ் விட்டு வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே மிச்சமிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று மெழுகுவத்தி என்றால் சூடு அதிகம், சுருக்கமும் அதிகம். ஆக்சிஜன் செலவாவது உண்மைதான். ஆனால் அது முழுசாகத் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும், எரிந்ததற்குப் பதிலாக கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகியிருக்கும். ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வருவது வெறும் தற்செயல்.

இதைக் கண்டுபிடிக்கப் புத்தகமே தேவையில்லை. மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீர் அவ்வளவாக ஏறாது. அணைந்த பிறகுதான் சர்ரென்று ஏறும். ஆக்சிஜன் தீரத் தீர ஏறுவதாக இருந்தால், எரியும்போதல்லவா ஏற வேண்டும்? பத்து வருடமும் அந்தத் தட்டின் முன்னால் நின்றது நான்தான். ஆனால் தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று ஒரு தடவைகூட கவனிக்கவில்லை. விடை ஏற்கெனவே பலகையில் இருந்ததே, அப்புறம் எதற்குக் கவனிக்க?

என் சண்டை இந்த இடத்தில்தான். செயல்வழி, செய்முறை, அனுபவம் என்று நாம் பேசாத வார்த்தை இல்லை. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது, சில வருடங்களில் மாநிலம் முழுக்கப் பரவியது. பாட அட்டை, எதற்குப் பின் எந்த அட்டை என்று காட்டும் ஏணிப்படி, பிள்ளைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை என்று வகுப்பறையின் முகமே மாறியது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆசிரியர் தரையில் உட்காரலாம் என்பதே அதற்கு முன் பெரிய விஷயம். ஆனால் அறிவியலைப் பொறுத்தவரை எங்கள் பள்ளியில் நடந்தது என்னவோ, பிள்ளைகள் அட்டையை முடித்து ஏணியில் அடுத்த படிக்குப் போனதுதான். கையில் அட்டை இருந்தது, பொருள் இல்லை.

அறிவியல் கண்காட்சி கதை அதைவிட மோசம். தெர்மாகோல் எரிமலையை அப்பாவோ ஸ்டேஷனரி கடையோ செய்து தருகிறார்கள், பிள்ளை நான்கு வரி மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது. என் அக்கா மகனிடம், "சோடா உப்புக்குப் பதிலா கல்லுப்பு போட்டா பொங்குமாடா?" என்று கேட்டேன். அவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். அக்கா என்னை முறைத்தாள். சரி, விடுங்கள்.

இப்போது எங்கள் ஈராசிரியர் பள்ளியில் நான் செய்வதைச் சொல்கிறேன். பெருமைக்கு அல்ல, இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

மூன்றாம் வகுப்புக்குக் காந்தம். பழைய இரும்புக் கடையில் உடைந்த ஸ்பீக்கர்கள் கிடைக்கும். அதன் பின்பக்கம் வளையம்போல் கறுப்பாக இருப்பதுதான் காந்தம். நான்கு வாங்கினேன், ஒரு வாழைத்தார் விலைகூட ஆகவில்லை. நோட்டில் மூன்று கட்டம் போடச் சொன்னேன். பொருள், நான் நினைத்தது, நடந்தது. இரண்டாவது கட்டத்தை நிரப்பாமல் காந்தத்தைத் தொடக் கூடாது. இந்த ஒரு விதிக்கு மட்டும் நான் கண்டிப்பு. நினைத்ததை முதலில் எழுதிவிட்டால், நடந்ததைப் பிள்ளை விடுவதில்லை. தன் ஊகம் ஜெயித்ததா தோற்றதா என்று பார்த்தே ஆகவேண்டும் அதற்கு.

முதல் பத்து நிமிடம் சந்தைக்கடை. ஆணி, செருப்புக் கொக்கி, ஜன்னல் கம்பி, என் வளையல் எல்லாம் ஆயிற்று. ஒருத்தன் மைதானத்து மணலில் காந்தத்தைப் புரட்டிக்கொண்டு ஓடிவந்தான். "டீச்சர், காந்தத்துக்கு மீசை முளைச்சிருக்கு!" மணலில் கலந்திருக்கும் இரும்புத் தாதுத் துகள்தான், கொத்துக்கொத்தாக நிமிர்ந்து நின்றது. அடுத்த கால் மணி நேரம் மொத்த வகுப்பும் மைதானத்தில்.

அப்புறம் காசு. ஒரு ரூபாய் ஒட்டியது. ஐந்து ரூபாயில் சண்டை வந்தது. ஒருத்தன் ஒட்டும் என்கிறான், இன்னொருத்தன் ஒட்டாது என்கிறான். இரண்டு பேர் கையிலும் ஐந்து ரூபாய், இரண்டு பேர் சொன்னதும் சரி. ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. வெள்ளையில் 2007 என்று இருந்தது, அது துருப்பிடிக்காத எஃகில் அடித்தது. பார்த்தவுடன் அவர்களே சட்டம் போட்டுவிட்டார்கள்: "வெள்ளைக் காசு ஒட்டும், மஞ்சக் காசு ஒட்டாது." எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "வீட்டில வேற காசு இருந்தா நாளைக்குக் கொண்டுவாங்க" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் ஒரு பெண் பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து தடிமனான பழைய ஐந்து ரூபாயைக் கொண்டுவந்தாள். வெள்ளை. ஒட்டவில்லை. அரை நிமிடம் வகுப்பில் சத்தமே இல்லை. அப்புறம் ஒருத்தன் சொன்னான், "டீச்சர், வெள்ளையில ரெண்டு வெள்ளை இருக்கு." செம்பும் நிக்கலும் கலந்த காசு அது. எட்டு வயதுப் பிள்ளைக்கு உலோகக் கலவை தெரியாது, தெரியவும் வேண்டாம். நிறத்தை வைத்து உலோகத்தைச் சொல்லிவிட முடியாது என்று தெரிந்துவிட்டது. அதை நான் சொல்லவில்லை.

இதற்கு நான்கு பாடவேளை போனது. பாடத்திட்டத்தில் இரண்டுதான். எப்படிச் சமாளித்தேன் என்று கேட்பீர்கள். சமாளிக்கவில்லை, இன்னொரு பாடத்தை அவசர அவசரமாக முடித்தேன். பார்வைக்கு வந்த ஒரு அதிகாரி, "ஏன் இவ்வளவு சத்தம்?" என்றார். நோட்டைக் காட்டினேன். 'நான் நினைத்தது' கட்டத்தில் தப்பான விடைகள் இருப்பதைப் பார்த்து, "இதையெல்லாம் ஏன் திருத்தலை?" என்று கேட்டார். அவர்மீது கோபமில்லை. மெழுகுவத்தி காலத்து நானாக இருந்தால் நானும் சிவப்பு மையால் அடித்திருப்பேன்.

இன்னொரு வருத்தமும் உண்டு. 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கினார்கள். கருவிகளோடு ஆட்கள் பள்ளிக்கே வந்து செய்துகாட்டும் திட்டம், நல்ல திட்டம். ஆனால் அது ஆறு முதல் எட்டு வரைக்கும்தான். எங்கள் தொடக்க வகுப்புகளுக்கு அதே வருடம் வந்தது 'எண்ணும் எழுத்தும்' திட்டம். மூன்றாம் வகுப்புக்குள் தமிழும் ஆங்கிலமும் கணக்கும் வரவேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, கொரோனா விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகளை நானும் பார்த்தேன். ஆனால் முதலில் எழுத்து, அறிவியல் பிறகு என்பதுதான் புரியவில்லை. 'ஒட்டும்', 'ஒட்டாது' என்று எழுதத்தான் அந்தப் பழைய காசைக் கொண்டுவந்த பெண் 'ட்'டுக்குப் புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டாள்.

இதெல்லாம் புதிதும் இல்லை. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத்தில் 1972-லேயே 16 பள்ளிகளில் இப்படி ஒரு அறிவியல் திட்டத்தை ஆரம்பித்தார்கள், நடுநிலை வகுப்புகளுக்கு. பிள்ளைகள் செய்து பார்த்துத் தாங்களே முடிவை எழுத வேண்டும். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம். 'சவாலிராம்' என்ற கற்பனை ஆளுக்குப் பிள்ளைகள் கேள்வி கேட்டுக் கடிதம் போடுவார்களாம். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வைத்து வடிவங்கள் செய்யும் யோசனை, பொம்மைகள் வழியே அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தாவுக்குத் தோன்றியதும் அங்கே வேலை செய்தபோதுதான். முப்பது வருடம் நடந்த அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. காசில்லாமலும் செய்யலாம் என்று அவர்கள் காட்டியதை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். தீக்குச்சி வந்துவிட்டது, திறந்த புத்தகப் பரீட்சை வரவில்லை.

சவாலிராமைப் பார்த்து நானும் ஒரு பழைய ஷூ பெட்டியில் ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன். பாதிச் சீட்டில் "நாளைக்கு லீவா?" என்றுதான் வரும். போன வாரம் வந்த சீட்டு ஒன்று: "எங்க வீட்டு எவர்சில்வர் டம்ளர் நடுவுல ஒட்டல, ஓரத்துல மட்டும் லேசா ஒட்டுது. ஏன்?"

நான் நம்பவில்லை. வீட்டுக்குப் போய் டம்ளர்களை எடுத்துப் பார்த்தேன். இரண்டு முழுசாக ஒட்டின, மூன்று ஒட்டவே இல்லை, ஒன்று நிஜமாகவே விளிம்பில் மட்டும் லேசாக இழுத்தது. தேடிப் படித்ததில், நிக்கல் சேர்ந்த எவர்சில்வர் சாதாரணமாக ஒட்டாது, ஆனால் தகட்டை அழுத்தி மடக்கிய இடத்தில் கொஞ்சம் காந்தத்தன்மை வந்துவிடுமாம். பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. "ஓரத்துல என்ன பண்ணியிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டேன். "மடக்கியிருக்காங்க" என்றான் ஒருத்தன். அப்படியானால் மடக்காததை நாமே மடக்கிப் பார்ப்போம் என்று முடிவாகியிருக்கிறது. திங்கட்கிழமை காந்தத்தில் ஒட்டாத ஒரு ஸ்பூனைத் திரும்பத் திரும்ப வளைக்கப் போகிறோம். ஸ்பூன் எங்கள் வீட்டுடையது, வீட்டில் இன்னும் கேட்கவில்லை.